அரைடிகிரியின் கணக்குத் தப்பிய தொட்டி

இரண்டு விரல்கள் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. நூலின் ஒரு முனையில் வெப்பமானி, மறுமுனையில் ஓர் இரும்பு நட்டு. நட்டைத் தொட்டிக்கு வெளியே தொங்கவிட்டு, வெப்பமானியைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கி, நடு ஆழத்தில் நிறுத்தின அந்தக் கைகள். மேல்மட்டத்தில் காற்றின் சூடு கலந்திருக்கும், அடியில் மணலின் குளிர்ச்சி தங்கியிருக்கும். இரண்டுமே பொய் சொல்லும். பிறகு கைகள் டேப்பை எடுத்தன. கடைக்காரர்கள் கண்ணாடியை அளப்பார்கள். இந்தக் கைகள் தண்ணீரை மட்டும் அளந்தன. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம். அதில் மணலுக்கும் கல்லுக்கும் கழித்தது போக இருநூற்று இருபத்தைந்து லிட்டர் என்று நோட்டில் எழுதின.

"எந்த அளவு மிஷின் வாங்கணும்னு இப்பவே சொல்லிடுங்களேன், தம்பி," என்றார் வீட்டுக்கார அம்மாள். முப்பத்தாறு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடம் முழுக்க அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும்.

"ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொல்றேன்மா."

"எங்க ஆஸ்பத்திரியில பெரிய டாக்டருங்ககூட ஒரு ஆளை ரெண்டு மணி நேரம் பார்க்க மாட்டாங்க."

"அதனாலதான் அக்கா, உங்க ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யாரும் நன்றி சொல்லத் திரும்பி வரலை," என்றார் சோபாவில் செய்தித்தாளை விரித்திருந்த தம்பி. அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அக்காவும் தம்பியும் அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே பன்னிரண்டு வருடங்களை ஓட்டியிருந்தார்கள்.

தொட்டிக்குள் ஒரே ஓர் உயிர். ஒரு சாண் நீளம், வெளிர் ரோஜா நிறம், நான்கு குட்டிக் கால்கள், தலைக்கு இரண்டு பக்கமும் இறகுபோல விரிந்த சிவப்புச் செவுள்கள். ஆக்ஸலாட்டல் என்று மீன்கடைகளில் விற்கிறார்கள். வாய் அகன்று எப்போதும் சிரிப்பது போலிருக்கும் என்பதால் இந்த வீட்டில் அதற்குச் சிரிச்சான் என்று பெயர். பதினேழு, பதினெட்டு டிகிரித் தண்ணீர்தான் அதற்கு ஆகும். இருபதைத் தாண்டினால் சாப்பாட்டை ஒதுக்கும். இன்னும் ஏறினால் செவுள் சுருங்கும். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்காது. எட்டு வருடமாகத் தம்பிதான் ஐஸ் கட்டிய பாட்டில்களை மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிட்டு வந்தார். இனிமேல் தன்னால் முடியாது, முட்டி ஒத்துழைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். அதனால்தான் தொட்டியை அளந்துகொண்டிருந்த இவரைக் கூப்பிட்டார்கள்.

இவரை ஊரில் அரைடிகிரி என்பார்கள். பதினாறு வயதில் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் தரை கழுவப் போனவர். அங்கே எரிந்துபோன கம்ப்ரஸர்களைக் குப்பைக்குத் தூக்கிப்போகும் வேலையும் இவருடையதுதான். போகிற வழியில் அவற்றைப் பிரித்துப் பார்ப்பார். எது எண்ணெய் இல்லாமல் செத்தது, எது ஓயாமல் ஓடிச் செத்தது, எது நின்று நின்று கிளம்பியே செத்தது என்று உள்ளே கறுத்திருக்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பழகினார். சொல்லித்தர யாரும் இல்லை. மருந்து வைக்கும் ஒரு குளிர்அறையில் அரை டிகிரி கூடுதலாக இருக்கிறது என்று முதலாளியோடு சண்டை பிடித்து, மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து கதவு ரப்பரில் இருந்த விரிசலைக் கண்டுபிடித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இது. கிண்டலாக வைத்தது, பிறகு மரியாதையாகிவிட்டது.

மீன்தொட்டிக்குச் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் மிஷின், பொருத்துவதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. தொட்டிக்குள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூடு நுழைகிறதோ, அதை வெளியே தள்ளும் பலம்தான் சில்லருக்கு வேண்டும். அதைக் கம்பெனி அட்டவணை சொல்லாது, தொட்டிதான் சொல்லும். எனவே தண்ணீரை நன்றாகக் குளிரவைத்து, ஐஸை எடுத்துவிட்டு, பம்பும் விளக்கும் ஓட, கால் மணிக்கு ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்து எழுதுவார். லிட்டரையும் ஏறிய டிகிரியையும் பெருக்கினால் விடை. சின்னதாக வாங்கினால் இராப்பகலாக ஓடி மூச்சு வாங்கும். பெரிதாக வாங்கினாலும் கேடுதான்: இரண்டு நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி கிளம்பும். அப்படிச் செத்த கம்ப்ரஸர்களை அவர் எத்தனையோ பிரித்திருக்கிறார். "எதுக்கும் ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அவருக்குக் காது கூசும்.

இரண்டு மணி நேரத்தில் முக்கால் டிகிரியும் கொஞ்சமும் ஏறியிருந்தது. அறை இருபத்தைந்து டிகிரி. மேலே ஏசி முனகிக்கொண்டிருந்தது. கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"பத்துல ஒரு பங்கு குதிரைத்திறன் போதும்மா. இருக்கறதிலேயே சின்னது."

"கடைக்காரன் கால் குதிரைன்னான்."

"அவன் குதிரை விக்கறான்மா. நான் தண்ணியைப் பார்த்துச் சொல்றேன்."

தம்பி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். வாங்கி, பொருத்தி, பதினேழில் வைத்துவிட்டு அரைடிகிரி கிளம்பினார்.

பத்து நாளில் போன் வந்தது.

"தம்பி, இருபத்திரண்டு காட்டுது. மிஷின் நிக்கவே மாட்டேங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்மா," என்றார். சொல்லிவிட்டுத்தான் எந்த வீட்டுக்கும் போவார். மறுநாள் வடிகட்டியைக் கழற்றினார், சுத்தமாக இருந்தது. காற்றுப் போகும் தகடுகளில் தூசி இல்லை. கேஸ் சரியாக இருந்தது. குழாயில் தண்ணீர் போகும் வேகத்தை வாளி வைத்து அளந்தார், அதுவும் சரி. இதற்குள் அவர் கண்ணெதிரே இருபத்திரண்டு இருபத்தொன்றானது, அதற்குக் கீழும் இறங்கத் தொடங்கியது.

"பார்த்தீங்களாம்மா, இறங்குது."

"நீங்க வந்தா இறங்குது, போனா ஏறுது. என் வார்டுல ஒரு கிழவர் இருந்தார். டாக்டர் தலையைப் பார்த்தா எழுந்து உட்கார்ந்து ஜோக் அடிப்பார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் படுத்துடுவார்."

"மிஷினுக்கும் உங்ககிட்ட பயம் போல, மெக்கானிக்," என்றார் தம்பி.

அரைடிகிரி சிரிக்கவில்லை. பையை மூடிக்கொண்டு படியிறங்கினார். பதினொரு வருடத்தில் நாற்பத்துமூன்று தொட்டிகள். ஒன்றுகூட இப்படிக் கண்ணாமூச்சி ஆடியதில்லை.

அடுத்த வாரம் மறுபடி போன். இந்தத் தடவை நர்ஸம்மாவின் குரலில் கிண்டல் இல்லை. "எட்டு நாளா சாப்பிடலை தம்பி. செவுள் பாதியாயிடுச்சு. நீங்க வந்து பாருங்க."

பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லி, பதினோரு மணிக்கே போனார். தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"போயிடுச்சாம்மா?"

"சமையலறைக்கு வாங்க. ஃபிரிட்ஜைத் திறந்து நடுத்தட்டைப் பாருங்க."

திறந்தார். எலுமிச்சம்பழங்களுக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளிருந்து, சிரித்த முகம் ஒன்று அவரையே பார்த்தது. தூக்கிவாரிப் போட்டது. பின்னால் நகர்ந்தவர் சமையல் மேடையில் இடித்துக்கொண்டார். இத்தனை வருடத் தொழிலில் அவர் திறக்காத ஃபிரிட்ஜ் இல்லை. அதற்குள்ளிருந்து எதுவும் அவரைப் பார்த்ததில்லை.

"பயப்படாதீங்க. ஆறு டிகிரியில அதுக்கு உடம்பு ஓய்வெடுக்கும். தினம் தண்ணி மாத்தறேன். இதை வளர்க்கறவங்க அவசரத்துக்குச் செய்யறதுதான்." நர்ஸம்மா டப்பாவின் மூடியைச் சரிசெய்தார். மூடியில் துளைகள். பக்கத்தில் ஒட்டிய தாளில் தேதி, நேரம், தண்ணீர் மாற்றிய கணக்கு எல்லாம் வார்டுச் சீட்டு மாதிரியே எழுதியிருந்தார். "ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி வச்சா தாங்காது. இன்னிக்கு மூணாவது நாள். அதுக்குள்ள தொட்டி பதினேழுல நிக்கணும். இல்லைன்னா இதை எடுத்து எங்க விடறதுன்னு எனக்குத் தெரியாது."

அவர் அழவில்லை. நர்ஸாக இருந்தவர். ஆனால் ஃபிரிட்ஜ் கதவை மூடிய பிறகும் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவில்லை. அரைடிகிரி அதைப் பார்த்தார்.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். மறுபடி எல்லாம் சரி. மறுபடி அவர் எதிரிலேயே தண்ணீர் குளிர்ந்தது. பேயடித்தவர் போலப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தெருவில் நின்று, சில்லர் விற்ற கடைக்குப் போன் போட்டு, மிஷினை மாற்றித் தருவார்களா என்று அரைமணி நேரம் மன்றாடினார். பில் எண்ணைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினால் சட்டைப்பையில் இல்லை. தொட்டி விளிம்பிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். மூன்று மாடி மறுபடி ஏறி மணியடித்தார்.

கதவைத் திறந்தவர் தம்பி. பனியனோடு நின்றார், கழுத்தெல்லாம் வியர்வை. அவருக்குப் பின்னாலிருந்து வந்த அனல் அரைடிகிரியின் முகத்தில் அறைந்தது.

"டேய், சட்டையைப் போடுடா! ஆள் வந்திருக்கு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கூடவே 'பீப்' என்று ஒரு சத்தம். மேலே ஏசியின் வாய் மெல்லத் திறந்தது.

அரைடிகிரி வாசலிலேயே நின்றார். சன்னல்கள் மூடியிருந்தன. மூலையில் சில்லர் தன் சூட்டை அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டு, ஊதிய சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு, திணறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏசியை இப்பத்தான் போடறீங்களா?"

"நீங்க போயிட்டீங்களே," என்றார் தம்பி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

"நான் போனா?"

"போனா அணைச்சிடுவோம். எங்க ரெண்டு பேருக்கு எதுக்கு ஏசி? வெயில் அடிக்கற பக்கம், அதனால சன்னலையும் சாத்திடுவோம்."

"அப்போ முதல் நாள்… அளக்க வந்தன்னிக்கு?"

"நீங்கதான் சொல்லிட்டு வந்தீங்களே தம்பி," என்றார் நர்ஸம்மா, கையில் ரிமோட்டோடு. "அரைமணி முன்னாடியே போட்டு வச்சேன். வீட்டுக்கு வந்தவர் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தா எங்களுக்கு என்ன மரியாதை?"

அரைடிகிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

அளக்க வந்த அன்று அரைடிகிரி லிட்டரை அளந்தார், பம்பைக் கேட்டார், விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்டார். இந்தக் காற்று எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று மட்டும் கேட்கவில்லை. ஏசி சத்தம் அவருக்குத் தன் மூச்சுச் சத்தம் மாதிரி, காதில் விழவே விழாது. அன்று அந்தக் குளிரில் சுகமாக உட்கார்ந்து, இருபத்தைந்து என்று சுத்தமாக நோட்டில் எழுதிக்கொண்டதும் அவர்தான். இல்லாத ஓர் அறைக்குச் சில்லர் வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கேட்டுவிட்டு, கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"பரிசோதனைக் குடுவைக்குள்ள நீங்களே கால் நீட்டி உட்கார்ந்திருந்திருக்கீங்க."

"சிரிக்காதே. ஒரு உயிர் ஃபிரிட்ஜுல இருக்கு."

"சிரிக்கலைங்க. நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா நாம மட்டும் என்ன செய்யறோம்? ஃபேனை அஞ்சுல வைக்கறது யாரு? நீங்கதானே?"

அந்த இடத்தில் அவருக்கு இரண்டாவது இடி விழுந்தது. பழைய நோட்டை எடுத்தார். நாற்பத்துமூன்று தொட்டிகள், நாற்பத்துமூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். முதல் எண்ணைச் சுற்றினார். கடிகாரம் பழுது பார்ப்பவர்.

"அண்ணே, நான் தொட்டி அளக்க வந்தப்போ வீட்டுல ஏதாவது மாத்தி வச்சீங்களா?"

"மாத்தறதா? ஒண்ணுமில்லையே. எப்பவும் மூடியிருக்கற பின்பக்கக் கதவை வீட்டுக்காரி திறந்துவிட்டா. காத்து வரட்டும்னு."

"சில்லர் எப்படி இருக்கு?"

"தங்கமா இருக்கு! வெயில் காலத்துல மட்டும் நாலு பாட்டில் ஐஸ் போட்டுக்குவோம்."

"ஐஸா? ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?"

"வெயில் காலம்னா எல்லாரும் போடுவாங்கதானே? இதுக்குப் போய் உங்களைத் தொந்தரவு பண்ணுவாங்களா?"

அரைடிகிரி போனை வைத்தார். இதுவும் மரியாதைதான். பதினொரு வருடமாக ஐஸ் போட்டுக்கொண்டு, அவர் மனம் நோகக் கூடாதென்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை சொல்லாமல் போய் நின்றார். ரிமோட்டைத் தொடக் கூடாது, சன்னலைத் திறக்கக் கூடாது, தம்பி சட்டையே போடக் கூடாது என்றார். நர்ஸம்மா தலையாட்டினார். ஆனால் கால் மணிக்குள் மூன்று தடவை அவர் கை தானாக ரிமோட் பக்கம் போனது. நான்காவது தடவை 'பீப்' சத்தமே கேட்டுவிட்டது.

"அம்மா!"

"எனக்கே தெரியலை தம்பி, கை போயிடுது. நீங்க இப்படி வேர்த்து உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துக்கிட்டு எப்படி இருக்கறது?"

யோசித்துப் பார்த்த அரைடிகிரி ஒரு முடிவுக்கு வந்தார். வெப்பமானியைப் படிக்கும் முறையை நர்ஸம்மாவுக்குச் சொல்லிவிட்டு, நோட்டோடு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். கதவு சாத்தப்பட்டது. சில்லரை நிறுத்தி, தொட்டியை மறுபடி ஐஸ் போட்டுக் குளிரவைத்திருந்தார்கள். காய்ச்சல் பார்த்துப் பழகிய கண் ஆயிற்றே, கால் மணி பிசகாமல் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பதினேழு புள்ளி ரெண்டு!"

அவர் எழுதிக்கொண்டார்.

"பதினேழு புள்ளி நாலு! தம்பி, படியில உட்கார்ந்திருக்கீங்களே, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? ஒரு நாற்காலியாவது தரட்டுமா?"

"கதவைத் திறக்காதீங்கம்மா!"

மேல்மாடிப் பெண் காய்கறிப் பையோடு ஏறிவந்து, அவரைத் தாண்ட வழியில்லாமல் நின்றாள். "என்ன, வெளியே நிக்க வச்சுட்டாங்களா?" என்றாள்.

"நானே வந்து உட்கார்ந்திருக்கேன்."

"ஐயோ பாவம்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் நம்பவில்லை என்பது முதுகைப் பார்த்தே தெரிந்தது.

"பதினேழு புள்ளி ஏழு!"

இரண்டு மணி நேர முடிவில் இரண்டு டிகிரி ஏறியிருந்தது. முதல் நாள் அளந்ததைப் போல இரண்டரை மடங்கு. அறை முப்பத்துநான்கு. அந்தச் சூட்டில் சில்லரின் பலமும் பாதியாகக் குறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கணக்குப் போட்டார். கால் குதிரைத்திறன். கடைக்காரன் தொட்டியைப் பார்க்காமலே சொன்ன அதே அளவு! அவருக்குக் காது மடல் சுட்டது. உள்ளே போய் நர்ஸம்மாவின் முன் நின்றார்.

"நான்தான்மா தப்பு. மிஷின் மேல தப்பில்லை, உங்க மேலயும் இல்லை."

"சரி, அதைப் பிறகு பேசலாம். இன்னிக்கு நாலாவது நாள்," என்றார் நர்ஸம்மா.

கடைக்காரர் மாற்றித்தர ஒத்துக்கொண்டார். "கால் குதிரைன்னு நான் அன்னிக்கே…" என்று தொடங்கியவரை, "ஆமாம், சொன்னீங்க," என்று அரைடிகிரி அங்கேயே நிறுத்தினார். நாற்பது வயதுக்கு மேல் அவர் விழுங்கிய கசப்பில் அதுதான் பெரியது.

ஆறாவது நாள் மதியம் புதிய சில்லரைப் பால்கனிக் கதவோரம் வைத்து, அதன் அனல் வெளியே போகும்படி திருப்பினார். குழாய்களுக்குப் பஞ்சுறை சுற்றினார். சன்னல்களைச் சாத்தச் சொன்னார். ஏசி ரிமோட்டைத் தம்பி வாங்கிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டார். "எங்கக்கா கையை நான் நம்ப மாட்டேன்."

மூன்று பேரும் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். இருபத்துநான்கு. இருபது. பதினெட்டு. மணி நான்கைத் தாண்டியபோது பதினேழில் சில்லர் தானாக நின்றது. அறை சட்டென்று அமைதியானது. அரைடிகிரி கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கிளம்பியது, எட்டு நிமிடம் ஓடியது, நின்றது. மறுபடி இருபத்துநான்கு நிமிடம். மூன்று சுற்று பார்த்தார்.

"கொண்டு வாங்கம்மா."

நர்ஸம்மா டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஆறு டிகிரியிலிருந்து பதினேழுக்கு ஒரேயடியாகப் போனால் உடம்பு தாங்காது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கரண்டித் தண்ணீரை உள்ளே ஊற்றினார். ஒன்றரை மணி நேரம் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் டப்பாவைச் சாய்த்தார். சிரிச்சான் கல் மாதிரி இறங்கி மணலில் கிடந்தது. ஒரு நிமிடம் போனது, இன்னொரு நிமிடமும் போனது. பிறகு அதன் ஒரு முன்கால் நகர்ந்தது, அடுத்து மறுகால். செவுள்கள் ஒரு தடவை விசிறிக்கொண்டன. நர்ஸம்மா இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்து அதன் மூக்கருகே காட்டினார். புழு இருந்த இடம் வெறுமையாயிற்று. எப்போது விழுங்கியது என்று மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

"அட!" என்றார் தம்பி.

அரைடிகிரி ஓர் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் இருநூற்று இருபத்தைந்து லிட்டர். நிற்கவேண்டியது பதினேழு. அறை முப்பத்துநான்கு, சன்னல் சாத்தி, ஏசி இல்லாமல், வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது. அடியில் தேதி போட்டு, மை காய ஊதி, நர்ஸம்மாவிடம் நீட்டினார். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.